கீழ்வரி

ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து.
அதற்கு மேலே போனால் திரையில் நிற்காது என்று சொல்லித்தான்
கொக்குவிலில் கணினிக்கடை வைத்திருக்கும் யூட் நிர்மலன்
இந்த வேலையைத் தந்தான்.
வெள்ளி ஆறரைக்குக் காட்சி. போர்ப்படம்.
இரண்டு மணித்தியாலம், ஆயிரத்துச் சொச்சம் வரி.

ஒரு கறுப்பு விமானி.
அவனுடைய சொந்தப் படையே அவனுக்கு நாற்காலி தராது.
உணவுக்கூடத்தில் அவன் குடித்து வைத்த கிளாசை
பரிமாறுகிறவன் துணியால் பிடித்துத் தூக்கிக்
குப்பைக்குள் போடுவான்.
இசை நின்றுவிடும்.
அவன் தாடை இறுகும்.
இப்படிப் படம் எடுக்கிற எல்லாருக்கும்
அந்தத் தாடை பிடிக்கும்.

பதினேழாவது நிமிடத்தில்
மேலதிகாரி அவனை ஒரு சொல்லால் கூப்பிடுகிறான்.
இரண்டே அசை.

'கறுப்பா' என்று போட்டேன்.
அது சித்தி என் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.
அழித்தேன்.
'நீக்ரோ' என்று போட்டேன்.
அது ஏழாம் வகுப்புப் புவியியல். ஒருவருக்கும் வலிக்காது.
அழித்தேன்.
சாவடியில் என் அடையாள அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தவன்
அட்டையோடு சேர்த்து எறிந்த சொல் ஒன்று இருக்கிறது.
அவனுடைய மொழிதான். ஆனாலும்
மண்டபம் முழுக்க உடனே விளங்கும்,
மண்டபம் முழுக்க என் பக்கம் நிற்கும்.
விரல் அதில் கொஞ்ச நேரம் சொகுசாக இருந்தது.

பிறகு அந்தக் கிளாசைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன்.
துணியால் பிடித்த கை.

எங்கள் தேத்தண்ணிக் கடையின் பின்வேலியில்
ஒரு பால்மாப் பேணி கவிழ்ந்திருக்கும்.
குடிப்பவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும்.
அப்பா உயரத்திலிருந்து ஊற்றுவார்,
ஒரு துளி சிந்தாது, கெட்டிக்காரர்.
அவர்களைக் கூப்பிட அவரிடமும் ஒரு சொல் இருந்தது.
கோபத்தில் சொன்னதில்லை.
சீனி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

இரண்டு அசை.
மேலதிகாரியின் உதட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.
தட்டினேன்.

தொண்ணூற்றோராம் நிமிடத்தில்
அவனை வெறுத்தவன் அவனுக்குக் கைகொடுக்கிறான்.
அந்தக் கைகுலுக்கலுக்கு ஓர் ஊர் எரிய வேண்டியிருந்தது.
கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து பார்க்கிறோம்:
வயல் ஒரு சதுரம், கிணறு ஒரு புள்ளி,
கோடு மாதிரி எதுவோ ஓடுகிறது.
எனக்கு அழுகை வந்தது, அவனுக்காக.
வரத்தான் செய்தது.

எங்கள் மேலே வந்தவனுக்கு முகம் இருக்கவில்லை.
சகடை என்றோம், வண்டு என்றோம்,
பெயரை இரும்புக்குத்தான் வைத்தோம்.
அவனுக்கும் எங்காவது யாராவது
நாற்காலி மறுத்திருப்பார்களோ என்று
பங்கருக்குள் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்கவும் ஏலாது.
பனங்குற்றி இடுக்கால் மண் கொட்டிக்கொண்டிருந்தது,
வாயை மூடியிருந்தோம்.

கீழே ஓடுகிறவர்களுக்கு வசனம் இல்லை.
மூலக் கோப்பில் இப்படித்தான் இருந்தது:
*தூரத்தில் அலறல்.*
எங்கிருந்து தூரம்?
'தூரத்தில்' என்பதை எடுத்தேன்.
வரியில் நிறைய இடம் மிஞ்சியது.

வியாழன் ஓட்டிப் பார்த்தபோது
யூட் நிர்மலன் பதினேழில் நிறுத்தினான்.
"அக்கா, இது இஞ்சத்தைய சொல்லெல்லோ."
"ஓம்."
"அந்த ஆமிக்காரன்ர சொல்லைப் போடுங்கோவன்.
இதுக்கு ஆக்கள் எழும்பிப் போயிடுவினம்."
"விமானி எழும்பிப் போகேல்லையே."
அவன் சுட்டியைக் கொஞ்ச நேரம் உருட்டினான், சும்மா.
அவனுடைய அம்மாவின் தகப்பன்
எங்கள் கடையில் எந்தப் பக்கம் நின்று குடித்தவர் என்று
அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.
"சரி, இருக்கட்டும்" என்றான்.

வெள்ளி. பதினேழாவது நிமிடம்.
முன்வரிசையில் அப்பாவின் பழைய கூட்டாளி
பழக்கத்தில் சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்று
இருட்டுக்குள் சுற்றிப் பார்த்தது.