நாலு நிமிஷம் இருபது நொடி

பெருந்துறை மண்டபம். விடிந்தால் முகூர்த்தம்.
சோதனைக்குப் போட்ட நாயனமும்
மேடைத் திரையில் மாப்பிள்ளை படமும்
நாலு நிமிஷம் இருபது நொடியில்
சேர்ந்தே அறுந்து போகின்றன.

"ஒயரு போச்சுங்க" என்கிறார் சென்னியப்பன்.
ஒயர் இத்தனை கணக்காய்ப் போகாது.

வாய்க்கால் முறைத்தண்ணி மாதிரி
கேட்ட வயலுக்கு மட்டும் மடை திறக்கச்
சொல்லிவைத்திருந்தேன் சுவிட்சுக்கு.
ஒருதரம் கேட்டவர்கள் அப்புறம் வாய் திறக்கவில்லை.
"இன்னும் வேணுங்களா?" என்று விசாரிக்க
ஆள் வைக்காதது என் தப்பு.
மடை தானாய் மூடிக்கொண்டது.

ஒரே ஒரு டிக். சேவ்.
இனி ரண்டு நிமிஷத்துக்கொருக்கா அதுவே கேட்கும்.

ஆறாம் நிமிஷமும் நாயனம் நிற்கவில்லை.
சென்னியப்பன் டீக்குப் போனார்.

பதினோரு நாளாய்ப் பேசாத கோகிலத்துக்கு
அனுப்பினேன்:
முழிச்சிருக்கியா?