பருப்பு விற்பவள்

பெஸ்தாரி ஜெயா முச்சந்தியில்
மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பருப்பு விற்கிறேன்.

சிரிக்காதீர்கள்.
லென்ஸ் என்றால் லத்தீனில் பருப்புதான்,
நடு தடித்து ஓரம் மெலிந்த
அதே மைசூர்ப் பருப்பு.
பக்கத்துக் கடை சிக்கந்தர் பாய்
கிலோ ஆறு வெள்ளிக்கு அளந்து போடுகிறார்.
நான், ஜோடி நூற்றிருபதுக்கு.
இதைச் சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம்.
"உன் பருப்பில் கல் கிடக்குமா?" என்பார்
ஷட்டர் இறக்கும்போது.

கிள்ளானில் மாலை வகுப்பு படித்தபோது
விழியின் படத்துக்கு அம்புக்குறி போட்டு
ஆங்கிலப் பெயர் எழுதச் சொல்வார்கள்.
மனசில் ஒட்டாது.
பழைய புத்தகக் கடையில் வேர்ச்சொல் அகராதி ஒன்று,
முதுகு கிழிந்தது, எட்டு வெள்ளி.
பிரித்துப் பார்த்தால்
கார்னியாவுக்குள் கொம்பு.
ரெட்டினாவுக்குள் மீன்வலை.
விழியை உருட்டும் தசைகள் ஆறும்
ஆறு சுண்டெலிகள்,
மஸில் என்ற சொல்லின் வளைக்குள்
மூஸ் என்ற எலி ஓடுகிறது.
எலியாம்!
நாம் மட்டும் என்ன,
காலுக்குள் கெண்டையை நீந்தவிட்டவர்கள்தானே.

பியூப்பில் பக்கத்தில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.
பூப்பில்லா, சின்னப் பொம்மை.
பாவை.
ரோமாபுரிக்காரன் ஒருவனும் நம்மாள் ஒருவனும்
வெவ்வேறு கரையில், வெவ்வேறு இரவில்
யாரோ ஒருத்தியின் கண்ணுக்கு அவ்வளவு அருகே போய்
அதே குட்டி உருவத்தைக் கண்டிருக்கிறார்கள்.
தான்தான் அது என்று
தெரிந்ததோ இல்லையோ.
மலாயில் அதற்குக் கண்ணின் குழந்தை என்று பேர்,
அனாக் மாத்தா.

சம்பளச் சனிக்கிழமை சஹ்ருன் வந்தான்.
லொம்போக் தீவுக்காரன், செம்பனையில் குலை வெட்டுபவன்.
நாள் முழுக்க அண்ணாந்தே நிற்கிற கழுத்து,
நீளக் கம்பி நுனியில் அரிவாள்,
மேலிருந்து மட்டை, முள், தூசி, எல்லாம் முகத்தில்.
மங்கலாக இருக்கிறது காக்,
மலிவாக ஒரு கண்ணாடி போடுங்கள் என்றான்.

முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி
விளக்கை நகர்த்தினேன்.
இடக்கண்ணில் நான் இருந்தேன்,
வெள்ளைக் கோட்டு, கோணல் வகிடு,
அரிசிமணியில் பாதி.
வலக்கண்ணில் நான் இல்லை.
கொம்பில் முள் தைத்து
வெந்த முட்டை வெள்ளை மாதிரிப் புண்.
பத்து நாளாம்.
மண்டோர் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தாராம்,
அதுவும் தீர்ந்துபோய் மூன்று நாளாம்.

இங்கே என் பருப்பு வேகாது.

கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
ரெஃபர். அதையும் ஒருநாள் பிரித்துப் பார்த்திருக்கிறேன்,
திரும்பச் சுமந்து செல் என்று பொருள்.
யார் சுமப்பது என்று
அகராதியில் போடவில்லை.

ஹாஸ்பிட்டல் என்று எழுதும்போது கை நின்றது.
உள்ளே ஹோஸ்பெஸ் இருக்கிறான்.
வந்தவன், வரவேற்பவன், முன்பின் தெரியாதவன்,
மூன்று பேருக்கும் அந்த ஒரே சொல்.
நம் விருந்துக்கும் ஆதிப்பொருள் புதுசு என்பதுதானே.
புதுசாய் வந்தவனுக்கு அங்கே
கவுண்டரில் முன்பணம் கேட்பார்கள்.
அதைக் கடிதத்தில் எழுத இடமில்லை,
சஹ்ருனிடம் சொல்லவும் வாய் வரவில்லை.
சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன்.

தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
எவ்வளவு என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
பிறகும் எழவில்லை.
அந்தக் கண்ணில் அனாக் இன்னும் இருக்கிறதா காக்?

விளக்கை மறுபடி போட்டேன்.
புண்ணின் ஓரத்தில், மிக ஓரத்தில்
வெள்ளையாய் ஏதோ அசைந்தது.
என் கோட்டாக இருக்கலாம்.
அடா, என்றேன்.
மலாயில், இருக்கிறது.

சுங்கை பூலோவுக்கு இங்கிருந்து நேர் பஸ் கிடையாது.
நாளை ஞாயிறு.
பாயிடம் வேனைக் கேட்டுப் பார்க்கணும்,
பருப்பு மூட்டையை இறக்கிவிட்டு.