இருபத்திரண்டு வெள்ளி

எட்டு மாதமாக ஒரே வாக்கியம்:
"கதவைச் சரியாச் சாத்துறதில்ல."
சுவரைப் பார்த்து நான் சொல்வேன்.
புஷ்பலீலா மகளிடம் பதில் சொல்வாள்:
"அத்தைகிட்ட சொல்லு, சாத்திட்டுத்தான் போனேன்."

சுங்காயில் தோட்டத்தை ஒட்டிய தாமான்,
இரண்டு குடும்பம், ஓர் ஐஸ்பெட்டி.
மேலே என் கெம்போங் மீன் கல்லாகிக் கிடக்கும்.
கீழே அவள் விற்கும் தோசைமாவு
பொட்டலத்துக்குள்ளேயே பொங்கி
ரப்பர் பேண்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.
பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விட்டால்
ஐந்து நாள் ஒழுங்கு.
ஆறாம் நாள் மறுபடி.
தீபாவளிக்கு நாங்கள் பேசிக்கொண்டதும்
ஏறக்குறைய அவ்வளவு நாள்தான்.

பீடோரிலிருந்து வந்தவன்
முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
"கேஸ் போச்சு. முந்நூத்தெண்பது" என்றான்.
கேஸ் போனால் ஒரு மூலையில் மட்டும்தான்
பனி பிடிக்கும்.
இங்கே உள்சுவர் முழுக்க
கோதுமை மாவு அப்பியதுபோல் வெள்ளை.
குளிர் இருக்கிறது,
கீழே இறங்க வழி இல்லை.
காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நான் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் சார்ஜ்மேன்.
அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது,
பெண்ணுக்கு வேறு சொல் அவர்களிடம் இல்லை.
சனிக்கிழமை தூங்காமல் வந்து
எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.
மீனும் மாவும் பக்கத்து வீட்டு
ரொஹானி அக்காவின் பெட்டிக்குப் போயின.
அங்கே ஒரே தட்டில் இருந்தனவாம்.

பின் தகட்டுக்கு நான்கு திருகு, ஒன்று துரு.
டைமரைத் திருப்பினேன்: டக்.
மோட்டார் நின்றது. அது நல்லது.
ஹீட்டரில் மீட்டரை வைத்தேன்,
எண் காட்டியது. அதற்கும் உயிர் இருக்கிறது.
வடிகுழாயில் சுடுநீர் ஊற்றினேன்,
ஒரு கறிவேப்பிலையோடு கீழே வந்தது.
மிச்சம், குழாயைக் கவ்விக்கொண்டு
ஐம்பது காசு அகலத்தில் ஒரு வில்லை.
குளிர்ந்தால் அதனுள் இரு முனை சேர வேண்டும்,
சேர்ந்தால்தான் ஹீட்டர் சுடும்,
சுட்டால்தான் பனி இறங்கும்.

சட்டியில் ஐஸ், தண்ணீர், உப்பு.
வில்லையை அமிழ்த்திக் காத்திருந்தேன்.
சேர்ந்திருந்தால் மீட்டர் கூவும்.
கூவவில்லை.
இன்னும் ஐஸ். உப்புக்குக் கை நீட்டினேன்.
அடுப்படியில் நின்றவள்
டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்,
மகள் வழியாக இல்லை.
அப்போதும் கூவவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று
கதவு ரப்பரில் பத்து வெள்ளித் தாளைச் செருகி
இழுத்துப் பார்த்தேன்.
மேல், கீழ், கீல் ஓரம், சுற்றிலும்.
எங்கும் இறுகப் பிடித்தது.
ஒரு நிமிட வேலை.
எட்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.
அவள் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

தாப்பாவில் வில்லை இருபத்திரண்டு வெள்ளி.
மோட்டார்சைக்கிள் எண்ணெய் தனி.
வயரை முறுக்கி, டேப் சுற்றி,
துருத் திருகை அப்படியே விட்டு
மூன்று திருகில் நிறுத்தினேன்.

இரவு இரண்டரைக்கு
மோட்டார் தானாக அடங்கியது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு உள்ளே எங்கோ ஒரு சொட்டு,
பின்தட்டில் இன்னொரு சொட்டு,
அப்புறம் நிற்காமல்.
விளக்குப் போடாமல் நின்றிருந்தேன்.
அவளும் வந்து நின்றிருந்தாள், எப்போது வந்தாளோ.

"கதவு நல்லாத்தான் இருந்திருக்கு" என்றேன்,
இந்த முறை சுவரைப் பார்க்காமல்.

"எனக்குத் தெரியும்."

திறந்தாள்.
காலித் தட்டுகளில் வெளிச்சம் விழுந்தது.
சாத்தினாள்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே.