இரண்டு தட்டு

ஐப்பசியில் வாதம் அடித்துப் பேச்சுப் போனது.
தண்ணி கேட்க வராது. என் பெயரும் வராது.
ரெஜினா என்று தொடங்கும் வாய்
'தா தா' என்று எங்கேயோ போய் முட்டி நிற்கும்.

மார்கழியில் சக்கர நாற்காலியில் வைத்து
தாண்டவன்வெளிக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.
மழை. கரண்ட் இல்லை.
மைக் இல்லாமலே சுவாமி சொன்னார்,
ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.

'உம்மோடும் இருப்பாராக.'

என் பக்கத்திலிருந்து அந்தக் குரல்.
கல்முனை பஸ்ஸில் முப்பது வருஷம் கத்திக் கரகரத்த குரல்,
ஒரு எழுத்துப் பிசகவில்லை.
முன்வாங்குக்காரி திரும்பிப் பார்த்தாள்.
எனக்குக் கோபம்தான் வந்தது.
ரெண்டு மாசமாய் என்னோடு பேசாத மனுசன்
சுவாமியாரோடு பேசுகிறார்.

அது பேச்சு இல்லையம்மா, பழக்கம், என்றார் டொக்டர்.
கெட்ட வார்த்தையும் அப்படித்தான் மிஞ்சுமாம்.
இருக்கட்டும்.
அன்றிரவே ஜெபப் புத்தகத்தை எடுத்தேன்.

புனித செபஸ்தியாரே,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.
புனித மார்த்தாவே,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

எனக்கு என்று கேட்க முடியாத வாய்
எங்களுக்கு என்று கேட்கிறது.
எந்த எங்களுக்கு?
வீட்டில் நாங்கள் ரெண்டு பேர், ஒரு பூனை.

புனிதர்கள் முடிந்துபோனார்கள்.
நிறுத்த மனமில்லை எனக்கு. அவருடைய ரூட்டைத் தொடங்கினேன்.
கல்லடியே,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.
காத்தான்குடியே,
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.
எனக்குச் சிரிப்பு. அவருக்கு இல்லை.
ஆரையம்பதியே. கிரான்குளமே.
செட்டிபாளையமே, தேத்தாத்தீவே, களுதாவளையே.
ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இறங்க ஆள் இருந்தது,
ஏற ஆள் இருந்தது, அவர் பதில் இருந்தது.

பிறகு, ஏன் என்று தெரியாது,
எஸ்தாக்கியே, என்றேன்.

என் தம்பி.
தொண்ணூறில் இவருடைய பஸ்ஸில் ஏறினவன்.
சாவடியில் இறக்கினார்கள். பஸ்ஸை எடு என்றார்கள்.
பஸ் எடுபட இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்.
தட்டின கை இவருடையது.
அதை இவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
முப்பத்திரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தோம்.

ஓட்டில் மழை.
இடது கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்தது.
வந்த பதில் அந்த வரிசைக்கு உரியதல்ல.
புத்தகத்தில் ரெண்டு பக்கம் தள்ளி இருப்பது,
செம்மறிக்குச் சொல்வது:

'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் சுவாமி.'

எங்கள் என்றார்.
தன்னுடைய என்று சொல்ல வாய் இல்லாததாலா,
என்னையும் சேர்த்தா,
ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்த ஐம்பது பேரையுமா?

அடுத்த வரி நான் சொல்ல வேண்டும்.
புத்தகத்தில் தேடினேன். அச்சில் இல்லை.

சட்டத்தில், அவர் கைக்குப் பக்கத்தில்,
விரலை மடித்து
ஒரு தட்டுத் தட்டினேன்.
நெடுநேரம் அப்படியே.
மற்றதையும் தட்டினேன்.