கடன் அசல்

கீழக்கரை நடுத்தெரு மாடியில்
செய்யதகமது மரைக்காயர்
முத்து வைக்கும் பெட்டியிலிருந்து எடுத்தார்:
தங்கம், சாவி போட்டு முடுக்குவது,
மூடியில் ஏதோ ஜமீனின் இரட்டை மீன்.
கூடவே அரக்கு வைத்த கடிதம்.

கடிதத்தை நான் பிரிக்கவில்லை.
இதுவரை பதினொன்று வாங்கியிருக்கிறேன்;
பதினொன்றுக்கும் ஒரு ராஜா இருந்தார்.

உப்புக்காற்றில் இறுகிய பின்மூடியை
நகத்தால் நெம்பினேன்.
லென்சுக்கடியில்
ஊசியால் கீறிய அடகுக் கணக்கு, பொடிப்பொடியாக:
ஆனியில் போய்த் தையில் மீண்டது,
மறுபடி ஆனி, மறுபடி தை,
ஒரு வருஷம் சித்திரையிலேயே.
கடைசிக் கீறலுக்கு எதிரே
வெறும் தங்கம்.

"அசல் ஜமீன் சாமான்" என்றார்.
ஜமீன் தெரியாது.
கடன் அசல்.

பேரம் பேசாமல் எண்ணி வைத்தேன்.
கீழே அசர் பாங்கு.
கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால்,
தவணை கேட்டு நிற்பதுபோல்.