முப்பது பாகை

தலைமேல் வெள்ளைக் கூடாரமொன்றைக் கவிழ்த்து
முகமூடிக்கு வெளியே கசப்பைத் தெளிக்கிறார்கள்.
‘கசக்கிறதா?’
கசந்தது.
அடிநாக்குவரை கசந்தது.
ரொமேல் விரல்முதுகால் என் தாடையைத் தடவினான்,
மீனில் செதில் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பவன்போல.
‘இது வெறும் மருந்து. நாளைக்கு வாயு என்றால்…’
முடிக்காமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.
கேட்டுக்கு வெளியே நின்றதில்
ஒரு நாள் கூலி போயிற்று.

மழித்துவிட்டுத்தான் போயிருந்தேன், சத்தியமாக.
ஐந்து பிளேடு வைத்த பட்டை அது.
நான்கு எப்போதோ செத்துவிட்டிருந்தன.

புதிது வாங்கப் போனால்
ஜுபைலின் பெரிய கடையில்
குழந்தைப் பால்மாவுக்கும் இதற்கும் மட்டும் பூட்டு.
சாவி வைத்திருந்த பையன் தொழுகைக்குப் போயிருந்தான்.
காத்து நிற்கையில் கீழ்த்தட்டில் கண்ணில் பட்டது,
பூட்டில்லாமல், தூசியோடு:
மரை திருகும் பழைய ரேசர்.
கையில் எடுத்தேன். எடை இருந்தது.
பிளேடு, பொட்டலம் பத்து,
ஒரு டீயின் விலை.

பாலிடெக்னிக் விடுதியில் இதில்தான் தொடங்கினேன்.
மோவாய்க்குக் கீழே அரிசியளவு வடு,
அந்த வருடத்து ரசீது.

அறையில் ஆறு பேர். குளியலறை ஒன்று.
ஆளுக்கு ஏழு நிமிடம் என்று
இருதயராஜ் எழுதி ஒட்டிய அட்டவணை.
ஏழு எங்கே போதும்?
நுரை எழவே மூன்றாகும்.
மூன்றே முக்காலுக்கு எழுந்தேன்.

ஆகஸ்டில் இங்கே எல்லாம் தலைகீழ்.
மொட்டைமாடித் தொட்டி விடிய விடிய ஆறாது;
நீலக் குழாயில் கொதிநீர்,
அணைத்துவைத்த கீசரில்தான் பச்சைத்தண்ணீர்.
ஒன்பது கோடையாக நான் திட்டிய அந்த நீலக் குழாய்
முதன்முறையாக எனக்கென்று ஒரு வேலை செய்தது.
துண்டை நனைத்து முகத்தில் போட்டால்
சுகமாக இருந்தது, வெட்கப்படுமளவுக்கு.
உப்பைக் கடலிலேயே விட்டுவந்த தண்ணீரில்
சோப்பு ஒரு சுழற்றுக்கே பொங்கிற்று.

குழாயின் விளிம்பைச் சாய்த்துச் சீவுவது என் பிழைப்பு.
வெல்டர் கேட்பது முப்பத்தேழரை பாகை.
கன்னம் கேட்பது முப்பது.
கணக்கு சரிதான், கை வேறு:
கிரைண்டரை அழுத்தியே பழகிய கை.
முதல் நாள் மூன்று இடத்தில் சிவப்பு.
படிகாரம் வைத்தேன். பல்லைக் கடித்தேன்.
மறுநாளும் இரண்டு.
ஒரு வாரம் கழித்துத்தான் விளங்கிற்று,
ரேசருக்கு அதன் எடையே போதும்,
என்னுடையது தேவையில்லை என்று.

அதன்பிறகு கேட்க ஆரம்பித்தேன்.
மயிர் உள்ள இடத்தில் சரக்கென்று ஒரு சத்தம்,
இல்லாத இடத்தில் வேறொன்று.
ஏசியின் உறுமலுக்கு மேலே, அந்த நேரத்தில்,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத பேச்சு.

‘என்ன மாப்ளே, பெண்பார்க்கப் போறியா?’
கதவுக்கு வெளியிலிருந்து இருதயராஜ்.
எனக்கு நாற்பத்திரண்டு.
அவனுக்கும் ஒரு பிளேடு கொடுத்தேன். கீறிக்கொண்டான்.

தேய்ந்த பிளேடைக் குப்பையில் போடக்கூடாது,
பையை அள்ளுகிறவன் ஷஃபீக்குல், அவனுக்குக் கையுறை கிடையாது.
பால் டின்னின் தலையில் கீறல் போட்டு
உள்ளே விடுகிறேன். காசு விழுகிற சத்தம்.
உண்டியல் என்கிறார்கள் அறையில்.
எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்டதில்லை.

மறு சோதனை. அதே கூடாரம், அதே கசப்பு.
இடம் பார், வலம் பார், குனி, நிமிர்.
‘இப்போது சத்தமாகப் பேசு,
தாடை அசைய வேண்டும், ஒரு நிமிடம்.’
எதைப் பேச?
பெயர் சொன்னேன். இக்காமா எண் சொன்னேன்.
பிறகு, கூட்டுறவு வங்கியில் எவ்வளவு பாக்கி,
மச்சினன் திருப்பித் தராதது எவ்வளவு,
மூத்தவள் கல்லூரிக்கு எவ்வளவு,
நர்மதா போன வாரம் போனில் அழுதது எதற்கு,
எல்லாம் சொன்னேன், ரப்பருக்குள்ளே,
நிமிடம் முடிந்தும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘கசக்கிறதா?’
இல்லை என்று தலையாட்டினேன்.

ரொமேலுக்குத் தமிழ் தெரியாது.
டிக் போட்டான்.