பெருக்கல் குறியின் இடம்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
கோப்பில் சேராதவற்றை
இங்கே எழுதி வைக்கிறேன்.

ப்ர்னோ நகரம், மூன்றாவது மாடி, பிப்ரவரி.
கீழே நடைபாதைப் பனியில் உப்புத் தூவுகிறார்கள்.
மேலே ஏழு பேர்,
திறந்த சாளரத்தை மூடும் அந்தச் சின்னப் பெருக்கல் குறி
வலது மூலையிலேயே இருக்கட்டுமா
இடது மூலைக்குப் போகட்டுமா என்று
மூன்று மணி நேரமாக.

ராதோவான் சொன்னான்:
கண் இடப்பக்கத்திலிருந்துதான் படிக்கிறது,
முக்கியமானது முதலில் வரட்டும்.
ஸ்திஸ்லாவா கேட்டாள்:
மூடுவது எப்போதிருந்து முக்கியமானது?
யாரோமிர் ஒன்றும் சொல்லவில்லை.
கசகசா அப்பத்தை நான்காக வெட்டி
மூன்றை அவனே தின்றான்.

ஓரங்களை மழுங்கடித்தபோது யாரும் சண்டை போடவில்லை.
நிழல்களை எடுத்தபோதும்.
எழுத்துருவை மாற்றியது பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை.
நகம் அளவுகூட இல்லாத ஒரு குறிக்காக
இரண்டு நட்புகள் முறிந்தன.
சரியாகச் சொன்னால் ஒன்று.
மற்றது ஏற்கெனவே விரிசல்.

பிறகு அந்தக் காணொளியைப் போட்டார்கள்.
ஹெட்விகா,
டிராம் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு முறைநேரம் போடுகிறவர்.
சோதனைக்கு வந்ததற்கு ஒரு குடை கொடுத்தோம்.
படத்தில் அவர் முகம் இல்லை, அம்புக்குறி மட்டும்.
வேலை முடிந்ததும் அது வலது மூலைக்கு ஓடுகிறது,
ஒன்றுமில்லாத சாம்பல் நிறத்தைத் தட்டுகிறது,
நிற்கிறது,
அகலத் திரை முழுவதையும் திரும்பக் கடக்கிறது.
பதினோரு முறை.
ஒவ்வொரு முறையும் 'மன்னியுங்கள்' என்கிறார்,
யாரிடம் என்று தெரியவில்லை.
ஏழாவது முறை சிரித்தார்.
பதினொன்றாவதில் சிரிக்கவில்லை.

மூன்று நாளில் கை பழகிவிடும், என்றான் ராதோவான்.
யார் கை? என்றாள் ஸ்திஸ்லாவா.
இரண்டையும் எழுதினேன்,
கேள்விக்குறியைக் கொஞ்சம் அழுத்தி.

நான்குக்கு மூன்று. இடது மூலை.
குறிப்பெழுதுகிறவனுக்கும் ஒரு வாக்கு உண்டு.
என் கை எதற்கு உயர்ந்தது என்று கோப்பில் இல்லை.
கடைசி டிராமுக்குப் பன்னிரண்டு நிமிடமே இருந்தது,
எதிர்த்திருந்தால் இன்னொரு மணி நேரம் பேசியிருப்போம்.

ஏப்ரலில் வெளியிட்டோம்.
ஓலொமோட்ஸிலிருந்து ஒருவர் எழுதினார்:
உங்கள் வீட்டு அடுப்பின் குமிழ்களை நான் இடம் மாற்றட்டுமா?
விலாசம் கேட்டிருந்தார், வசதியான நாளையும்.
ஸ்திஸ்லாவா பதில் எழுதவில்லை.
ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் காணொளியையே போட்டாள்.
பதினோரு தட்டல்களின் தாளமும் எங்களுக்கு மனப்பாடம்.
தேநீர்க் கோப்பையில் ஒருநாள் ராதோவானின் விரல்
அதையே தட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் மறுபடி கை தூக்கினோம்.
ஆறுக்கு ஒன்று. குறி பழைய மூலைக்கே.
அந்த ஒன்று யாரோமிர்.
பிப்ரவரியில் 'மாற்றாதே' என்று தூக்கியவன்
இப்போதும் 'மாற்றாதே' என்று தூக்கினான்.
குழப்பவாதி என்று சிரித்தோம்.
'போனது போகட்டும், விடுங்கள்' என்றான்.
எட்டு மாதத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

ஹெட்விகாவையே திரும்ப அழைத்தோம்,
நல்ல செய்தியை அவர் கையாலேயே தொடட்டும் என்று.
ஏழு பேரும் பின்னால் நின்றோம்.
முதல் சாளரம். வேலை முடிந்தது.
அம்புக்குறி தயங்காமல், அழகாக
இடது மூலைக்குப் போனது.
ஒன்றுமில்லாத சாம்பல் நிறத்தைத் தட்டியது.

'மன்னியுங்கள்,' என்றார்.
'இப்போதுதான் பழகினேன்.'
குறை சொல்லும் குரல் இல்லை,
மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல.

எண்ணும் பொறுப்பு என்னுடையது.
ஐந்தில் நிறுத்திவிட்டேன்.
ஸ்திஸ்லாவா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது யாரோ பரிசை நீட்டினார்கள்.
'குடையா, வேண்டாம்,' என்றார் ஹெட்விகா.
'போன தடவை தந்தது
இன்னும் நன்றாகத்தான் விரிகிறது.'